ஏழாவது கல்

2024 மே ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, ஆல்டர்கம் ஊரின் எல்லை சுற்றக் கிளம்பி ஏழாவது கல்வரை நடந்தவர்கள் பின்வருமாறு. ஆம்ப்ரோஸ் பார்ஃபிட், அதாவது நான், வயது எண்பத்தொன்று, முன்கோல் பிடித்தவன். என் தங்கை சிசிலி. பாதிரியார் பிலிப்பா டனேஜ். ஐந்து ஊர்க் கோயில்களுக்கு அவர் ஒருவரே. ரோலண்ட் குவான்ஸ், ஓய்வுபெற்ற நில அளவையாளர், பதினோரு வருடமாகப் பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் குடியிருப்பவர். 'கலப்பை' என்ற மதுக்கடையை நடத்தும் பாலின் ஆர்ச்சர்ட், அவளுடைய நாய் டியூக். ரசல் லாக்யர், டிராக்டர் வைத்து ஊருக்கெல்லாம் உழவும் வேலி வேலையும் செய்து கொடுப்பவர். விடுமுறை வீட்டில் தங்கியிருந்த ஒரு கணவனும் மனைவியும் செருப்பு நனைந்துவிட்டதென்று மூன்றாவது கல்லிலிருந்தே திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களைச் சேர்க்கவில்லை. இப்போது ஊரில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்றதாகச் சொல்கிறார்கள். நிற்கவில்லை.

ஏழு வருடத்துக்கு ஒருமுறை எல்லை சுற்றுவோம். ஒவ்வொரு எல்லைக்கல்லிடமும் நின்று, பாதிரியார் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் படிப்பார்; எல்லோரும் பட்டை உரித்த வில்லோ மரக் கோலால் கல்லை மூன்று தரம் அடிப்பார்கள். முன்னால் நடந்து வழிகாட்டுகிறவர் பிடிக்கும் முன்கோல் எங்கள் குடும்பத்துக்குரியது. 1919 முதல் அது வேறு கைக்குப் போனதில்லை. தாத்தா ஜோசையா, அப்பா, பிறகு நான்.

ஏழாவது கல் சேற்றுப்பள்ளத்தின் மேட்டில் இருக்கிறது. நான் கோலை ஓங்கினேன். குவான்ஸ் கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம், மிஸ்டர் பார்ஃபிட். கோலைக் கொஞ்சம் இறக்குங்க."

"எதுக்கு?"

"இது அந்தக் கல் இல்லீங்க." ஒரு கையில் கைபேசி, மறு கையில் 1841ஆம் வருடத்து வரைபடத்தின் நகல். "ஏழாவது கல் இன்னும் இருநூறு கஜம் தள்ளி இருக்கணும். அதோ அந்தத் தோப்புக்கு அடுத்த ஓரத்துல. தோப்பு நம்ம ஊரைச் சேர்ந்தது. 'ஏழைத் தோப்பு, நாலு ஏக்கர், ஆல்டர்கம் ஏழைகள் விறகு வெட்டிக்க' அப்படின்னே எழுதியிருக்கு."

தோப்பைச் சுற்றி, பக்கத்து ஊரான ஸ்டோக் மெலரின் பண்ணைக் கம்பி வேலி. நான் பிறந்ததிலிருந்து அந்த வேலி அங்கே இருக்கிறது.

"வரைபடம் தப்பா இருக்கும்," என்றேன்.

ரசல் அதற்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கல்லின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். விளிம்பு கண்ணாடி போல வழவழப்பாக இருந்தது. விரலில் ஒட்டியதைத் தூக்கிக் காட்டினார்.

"பாதிரியம்மா, இங்க பாருங்க. மாட்டு முடி. இது மாடு முதுகு சொறியற கல்லு. எங்கப்பன் வேலை பாத்த பண்ணையில இதே மாதிரி ரெண்டு நட்டிருந்தாங்க."

பாலினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்போ நூத்தஞ்சு வருஷமா மாட்டோட சீப்புக்கா சங்கீதம் படிச்சிட்டிருக்கோம்?"

"போன தடவை நான் ரெண்டு சங்கீதம் படிச்சேன்," என்றார் பிலிப்பா. அவர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குச் சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

"மத்த கல்லுல எல்லாம் எழுத்து இருக்கு," என்றார் குவான்ஸ். "ஆல்டர்கம் பக்கம் ஒரு எழுத்து, மெலர் பக்கம் ஒரு எழுத்து. இதுல ஒண்ணுமே இல்ல. யாருக்குமே சந்தேகம் வரலையா?"

எழுத்து மழையில் தேய்ந்துவிட்டதென்று ஊரில் சொல்வார்கள். அதை முதலில் சொன்னவர் என் தாத்தா.

"இதை ஜோசையா பார்ஃபிட் காட்டிக் குடுத்தார்," என்றேன். "எங்கப்பா அடிச்சார். நானும் அடிப்பேன்." மூன்று தரம் அடித்தேன். வேறு யாரும் அடிக்கவில்லை. நாய் மட்டும் குரைத்தது.

மிச்சமிருந்த ஐந்து கற்களையும் நான் எப்படிச் சுற்றி முடித்தேன் என்று நினைவில்லை. வேகமாக நடந்தேன். சிசிலி பின்னாலிருந்து, "அண்ணே, யாராவது துரத்துறாங்களா?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பால் அறைக் கதவைத் திறந்தபோது, படியை மிதிக்காமல் தாண்டிப் போனேன்.

எங்கள் பால் அறையின் வாசற்படி ஒரே கல். இரண்டரை அடி நீளம், நடுவில் ஒரு விரிசல். 1975இல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு சிமெண்ட் படி கட்டலாம் என்று நான் கடப்பாரையோடு வந்தபோது, அப்பா கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். அன்றுதான் சொன்னார். கவிழ்த்துப் போட்டிருக்கும் அந்தக் கல்லின் அடிப்பக்கத்தில் எழுத்து இருக்கிறது. அதுதான் ஏழாவது கல்.

நடந்தது இது. போருக்கு முன், 1912இல், எல்லை சுற்றியபோது முன்கோல் பிடித்தவர் தாத்தாவின் அண்ணன் ஏபெல். தாத்தா பீர் பீப்பாய் வண்டியை ஓட்டிக்கொண்டு சாலை வழியே போனார். சேற்றுப்பள்ளத்துக்குள் வண்டி போகாது. ஏபெல் 1916இல் பிரான்சில் செத்தார். வழி தெரிந்த இன்னும் இருவரும் திரும்பி வரவில்லை. மூவர் பெயரும் கோயில் சுவரில் இருக்கிறது. 1919இல் ஊர் கோலைத் தாத்தா கையில் கொடுத்தது. கோயில் நிர்வாகி, ஏபெலின் தம்பி, வேறு யாரிடம் கொடுப்பார்கள்? அன்று மூடுபனி. பின்னால் முழு ஊரும், கறுப்புடையில் விதவைகளும். ஏழாவது கல் எங்கே என்று தாத்தாவுக்குத் தெரியாது. பனிக்குள் ஒரு கல் தட்டுப்பட்டது. "இதுதான்" என்றார். எல்லோரும் அடித்தார்கள். சிலர் அழுதார்களாம்.

இரண்டு வருடம் கழித்து வாய்க்கால் தோண்டும்போது, மண்ணில் புதைந்திருந்த உண்மையான கல் தாத்தாவுக்குக் கிடைத்தது. தாத்தா அதைச் சாக்கால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்தார். கவிழ்த்துப் போட அப்பாதான் மறுமுனையைப் பிடித்தார். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது.

இவ்வளவுதான் அப்பா எனக்குச் சொன்னது. ஒரு மனிதர் ஊர் முன்னால் வழி தெரியாமல் நின்றார். அதைச் சொல்லக் கூசினார். பெரிய குற்றமில்லை என்று நினைத்தேன். வெளியே சொல்லவும் மாட்டேன் என்று நினைத்தேன். நாற்பத்தொன்பது வருடம் அந்தப் படியில் செருப்புச் சேற்றைத் துடைத்திருக்கிறேன்.

அந்த வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தேநீர் ஊற்றி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவேன். தோட்டத்தில் கத்தரிக்கோலை எடுத்ததும் உள்ளே ஏதோ விட்டுவந்த மாதிரி இருக்கும். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேனா என்று மூன்று முறை பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பேருந்தில் நகரத்துக்குப் போய், ஒன்றும் வாங்காமல் அதே பேருந்தில் திரும்பினேன்.

திரும்பும் வழியில் கலப்பைக்குள் நுழைந்தேன். பேச்சு நின்றது. பாலின் தேவையில்லாமல் ஒரு கோப்பையைத் துடைத்தாள்.

"என்ன பேசிட்டிருந்தீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. மழையைப் பத்தி."

"மழை எங்க தாத்தா பேர்லயா பெய்யுது? வாசல்ல வரும்போதே கேட்டுச்சு."

அவள் துணியைக் கீழே வைத்தாள். "சும்மா ஒரு பேச்சுதான். உங்க தாத்தா கல்லை மெலர் பண்ணைக்காரனுக்கு வித்துட்டாராம். அவன் தோப்பை வளைச்சுக்கிட்டானாம். பதிலுக்கு ஒரு குதிரை குடுத்தானாம். சாம்பல் குதிரை."

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான். உங்க வீட்டுல அந்தக் குதிரை படம் தொங்குதில்ல? முன்னறையில?"

தொங்குகிறது. 1920ஆம் வருடம் எடுத்த படம். தாத்தா குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல நிற்கிறார்.

வீட்டுக்கு வந்து சிசிலியிடம் சொன்னேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கல்லைப் பற்றி அவளுக்கும் தெரியும், அம்மா சொல்லியிருக்கிறாள்.

"விட்டுடு," என்றாள்.

"திருடன்னு சொல்றாங்க, சிசிலி."

"சொல்லட்டுமே. கல்லை வித்து குதிரை வாங்கினாருன்னா அதுல ஒரு சாமர்த்தியமாவது இருக்கு. ஊரே பின்னால நிக்க, வழி தெரியாம முழிச்சாருன்னு சொல்லணுமா? மாட்டுச் சொறிகல்லைக் காட்டி விதவைங்களை அழ வச்சாருன்னு?"

"உண்மை அதுதானே."

"உண்மையைக் கேட்டு யாரு வந்தா இங்க? வேற வேலையைப் பாரு. இல்ல, உக்காந்து பட்டாணியாவது உரி. நீ நடக்கிற நடையில தரைப்பலகை தேஞ்சுடும்."

அவள் சொன்னது எனக்குச் சரியென்றே பட்டது. அதை மறைக்க விரும்பவில்லை. திருட்டைவிடத் திகைப்புதான் எங்கள் குடும்பத்துக்குப் பெரிய அவமானம் என்று புதன்கிழமை முழுக்க நினைத்துக்கொண்டு நடந்தேன்.

வியாழக்கிழமை மாலை குவான்ஸ் வந்தார். கோயில் வாசலில் வைக்கப்போகும் ஊர் வரலாற்றுப் பலகைக்கு அவர்தான் எழுதுகிறார். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. முன்கதவு ஈரத்தில் உப்பித் திறக்கவில்லை. அவர் சுற்றிக்கொண்டு பால் அறை வழியே வந்தார். படியின் மேல் நின்று காலைத் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார், முதலில் இடதுகால், பிறகு வலதுகால்.

"நல்ல கல்லு," என்றார்.

"உள்ள வாங்க," என்றேன்.

அவர் உட்கார்ந்தார். நான் நின்றேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"மிஸ்டர் பார்ஃபிட், குதிரைக் கதையை நான் பலகையில போடமாட்டேன். அதுக்கு ஆதாரம் இல்ல. ஆனா இதை உங்ககிட்ட காட்டாம போடறது முறையில்ல. பழைய செய்தித்தாள்ல இருந்தது."

1923 ஜனவரி. நான்கு அங்குலச் செய்தி. ஆல்டர்கம்மைச் சேர்ந்த ஹெப்சிபா லாக்யர், விதவை, மூன்று பிள்ளைகளின் தாய், மெலர் பண்ணைக்குச் சொந்தமான தோப்பில் விறகு வெட்டித் திருடியதாகக் குற்றம். அந்தத் தோப்பு ஆல்டர்கம் ஏழைகளுக்குரியது, என் கணவரும் வெட்டினார், அவர் அம்மாவும் வெட்டினார் என்று அவர் வாதாடினார். சாட்சிக்கு அழைக்கப்பட்ட கோயில் நிர்வாகி ஜோசையா பார்ஃபிட், அந்த இடம் ஊர் எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சத்தியம் செய்து சொன்னார். ஏழு நாள் சிறை.

இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் தேதியை மட்டும் படித்தேன். 1923. கல் கிடைத்தது 1921.

"அவர் பொய் சொன்னாருன்னு நான் எழுதல," என்றார் குவான்ஸ். "சொறிகல்லைத்தான் எல்லைன்னு அவரும் நம்பியிருப்பார். ஊரே நம்புச்சே. அப்படித்தான் எழுதப்போறேன். 'தவறான நம்பிக்கையால்'. உங்களுக்குச் சம்மதமா?"

சம்மதம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். தாத்தா திருடரும் இல்லை, பொய்யரும் இல்லை என்றாகிவிடும். எங்கள் குடும்பத்துக்கு இதைவிட நல்ல வாக்கியத்தை யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன். அவர் தாளை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார்; போகும்போது மறுபடியும் படியின் மேல்தான் நின்று மழையங்கியைப் போட்டுக்கொண்டார்.

சிறு வயதில் ரசலின் அப்பா டெட் என்னோடு ஒரே வகுப்பில் படித்தான். 'விறகு லாக்யர்' என்று கூப்பிடுவோம். யார் வீட்டில் எது காணாமல் போனாலும், ஒரு பென்சில் என்றால்கூட, அவன் பையைத்தான் முதலில் திறப்பார்கள். அவன் பையை நானே திறந்திருக்கிறேன். ஏன் விறகு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். எங்கள் வீட்டில் சொன்னவர் யார் என்று அன்று மாலை நினைத்துப் பார்த்தேன். தாத்தா சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா சொல்லவும் கேட்டதில்லை. அந்தப் பெயரை யாராவது சொன்னால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். சாட்சி சொன்ன அன்று அவருக்குப் பதினைந்து வயது. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. 1975இல் அவர் எனக்குச் சொன்னது பாதிதான்.

வெள்ளிக்கிழமை காலை ரசலைக் கூப்பிட்டேன். கடப்பாரை கொண்டுவரச் சொன்னேன். சிசிலி மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"என்ன வேலைங்க?" என்றார் ரசல். "படியை மாத்தணுமா? விரிசல் விட்டிருக்கு பாருங்க. போன வருஷமே சொன்னேன்."

"மாத்த வேண்டாம். திருப்பணும்."

"திருப்பி?"

"முதல்ல திருப்பு."

அவர் ஒரு முனையில் நெம்பினார். நான் மறுமுனையைப் பிடித்தேன். என் எண்பத்தொரு வயதைக் கல் கேலி செய்தது, அசையவில்லை. "நீங்க தள்ளி நில்லுங்க அய்யா, அப்புறம் உங்களையும் சேத்துத் தூக்கணும்," என்று என்னை விலக்கிவிட்டு அவரே புரட்டினார். மண் பிடித்த கல். கீழே மண்புழுக்கள். ரசல் உள்ளங்கையால் மண்ணைத் துடைத்தார். ஒரு பக்கம் ஆல்டர்கம்மின் எழுத்து. இன்னொரு பக்கம் மெலரின் எழுத்து. கீழே ஏழு கோடுகள். நேற்று செதுக்கியது போலக் கூர்மையாக இருந்தன.

நான் தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தார். அவர் மெதுவாகப் படிப்பவர். நான் இரண்டு முறை கதவுவரை போய்த் திரும்பினேன்.

"இந்தக் கல்லு உங்க வீட்டுக்கு எப்போ வந்துச்சு?"

"இருபத்தொண்ணுல."

"எங்க கொள்ளுப்பாட்டி உள்ள போனது இருபத்துமூணுல."

"ஆமா."

"அப்போ சாட்சிக் கூண்டுல நிக்கும்போது அவருக்குத் தெரியும்."

"தெரியும்."

"உங்களுக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?"

"கல்லு நாப்பத்தொம்போது வருஷமா. சாட்சி சொன்னது நேத்துத்தான்."

அவர் தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என்னுடையது என்று நான் சொல்லவில்லை.

"எங்கப்பா செத்தப்போ நீங்க சவப்பெட்டியைத் தூக்கினீங்க," என்றார். "முன்னால, இடது பக்கம்."

"தூக்கினேன்."

"அப்பவும் தெரியும்."

"கல்லு தெரியும்."

"கல்லு தெரியும்," என்று அவரும் சொன்னார். பிறகு கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, திருப்பிய கல்லை அப்படியே விட்டுவிட்டு, வண்டியில் ஏறிப் போய்விட்டார். பால் அறை வாசலில் பள்ளம். அன்று முழுவதும் சிசிலியும் நானும் முன்கதவைத் தோளால் இடித்துத் திறந்தோம்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு டிராக்டர் வந்தது. ரசல் இறங்கி, கல்லில் சங்கிலி மாட்டினார். எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

"எங்க கொண்டுபோற?" என்றேன்.

"எங்க வீட்டுக்கு. மெலர்க்காரன் வேலியைத் திறக்கிற வரைக்கும் எங்க வாசல்ல நிக்கட்டும். வேணாம்னா சொல்லுங்க."

"வேணாம்னு சொல்லல."

"பலகையில என்ன எழுதப்போறாங்க?"

"தவறான நம்பிக்கைன்னு குவான்ஸ் எழுதியிருக்கார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. இப்போ போறேன்."

அவர் சங்கிலியை இழுத்துப் பார்த்தார். "அவங்க பேரைப் போடச் சொல்லுங்க. முழுப் பேரு. ஹெப்சிபா லாக்யர். வெறும் விதவைன்னு போட்டா போதாது."

"போடச் சொல்றேன். முன்கோலை..." என்று ஆரம்பித்தேன். கோல் கதவோரம் சாத்தியிருந்தது. காலையிலேயே எடுத்து வைத்திருந்தேன்.

அவர் அதைப் பார்த்தார். "எனக்கெதுக்குக் குச்சி? அடுத்தது 2031. நீங்க இருந்தா நீங்களே பிடிங்க. நான் பின்னால வந்து வழி சொல்றேன். வழி கேட்டு நடக்கறதுதான் உங்க வீட்டுக்குப் பழக்கமில்லாதது."

டிராக்டரின் பின்னால் கல் தெருவெல்லாம் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனது. கலப்பை வாசலில் பாலின் கையில் துணியோடு நின்று பார்த்தாள். கோடு அழிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். நான் தொப்பியை வைத்துக்கொண்டு குவான்ஸ் வீட்டுக்கு நடந்தேன். நடையில் அவசரம் இருந்தது. அவர் மனம் மாறுவதற்குள் என்று சொல்லலாம். என் மனம் மாறுவதற்குள் என்பதே சரி.

பலகை ஜூன் மாதம் வைத்தார்கள். நான் சொன்னபடியே எழுதியிருக்கிறார்கள். பார்ஃபிட் என்ற பெயர் இரண்டு முறை வருகிறது, லாக்யர் என்ற பெயரும் இரண்டு முறை. சிசிலி இன்னும் அதைப் படிக்கவில்லை. கோயிலுக்குப் பக்கவாசல் வழியாகப் போகிறாள். ஆனாலும் மெலரில், பேருந்தில், கலப்பையில் வாரக் கடைசியில் வருகிறவர்களிடம், குதிரைக் கதைதான் ஓடுகிறது. அதுதான் நன்றாக இருக்கிறதாம். ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜோசையா பார்ஃபிட் எல்லைக்கல்லை யாருக்கும் விற்கவில்லை. 1919இல் மூடுபனியில் வழி தவறினார். 1921இல் உண்மையான கல் கிடைத்தபோது அதை ஒளித்தார். 1923இல், தெரிந்தே, ஹெப்சிபா லாக்யருக்கு எதிராகப் பொய்ச் சத்தியம் செய்தார். அதற்காக யாரிடமும் எதையும் வாங்கவில்லை. சாம்பல் குதிரை சந்தையில் விலைக்கு வாங்கியது.